தேனீக்களுக்குப் பந்தி தேடிய அக்கா

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்றால் நம்பமாட்டீர்கள். வருடக்கணக்காக அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு பஸ் ஏறிக் கடற்கரையில் வெயிலோடு அலைந்திருக்கிறேன். வாங்கிய திட்டுக்கும் குறைவில்லை. ஆனாலும் பெயரைக் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஸ் நடத்தினார். துறைமுகத்திலும் பட்டறைகளிலும் வேலை பார்த்த தனிக்கட்டை ஆண்கள்தான் அங்கே சாப்பிட்டார்கள். அவரைவிட மூத்த கிழவர்கள்கூட அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரும் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் தம்பி என்று விரட்டினார்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மெஸ்ஸுக்கு மேல்மாடியில் அண்ணன் குடும்பத்தோடு வாசம். அண்ணிக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அதனால் பாதி நாள் எனக்குச் சாப்பாடு கீழேதான், அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக.

அந்த மெஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. தனி இலை கிடையாது. யாராக இருந்தாலும் எதிரே இன்னொருவர் உட்கார்ந்தால்தான் சோறு விழும். இரவு வேலை முடிந்து காலையில் வருகிறவர்கள் கைகழுவிவிட்டு, அடுத்த ஆள் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரொம்ப நேரம் யாரும் வராவிட்டால் அக்காவே தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு எதிரே வந்து அமர்ந்துவிடுவார். ஒருநாளைக்கு எத்தனை தடவைதான் சாப்பிடுவார்! பெரும்பாலும் இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டும் வைத்துக்கொண்டு எதிராளியின் இலையைக் கண்காணிப்பார்.

எனக்கோ சாப்பிடும்போது புத்தகம் வேண்டும். முதல் நாள் ஒரு மூலையில் புத்தகத்தைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தேன். அக்கா வந்தார். புத்தகத்தை எடுத்தார். அரிசி மூட்டைமேல் வைத்தார்.

"இது உனக்கு ரசம் ஊத்துமா?"

"படிச்சுக்கிட்டே சாப்பிட்டாத்தான் அக்கா எனக்கு இறங்கும்."

"எனக்குத் தெரியும் லா எப்படி இறங்கும்னு. அங்க போய் உட்காரு."

அங்கே என்று அவர் காட்டிய இடத்தில் கப்பலுக்குச் சாயம் அடிக்கும் ஒருவர் காதெல்லாம் சிவப்புச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மோர்கூட வாங்காமல் எழுந்துவிட்டேன். மறுநாளும் அவர் எதிரேதான் இடம். மூன்றாம் நாள் அவர் தன் மகள் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதையைச் சொன்னார். அரிசி மூட்டைமேல் இருந்த புத்தகத்தை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

உரிமம் பார்க்க வந்த அதிகாரி ஒருவரையும் இப்படித்தான் பாடாய்ப் படுத்தினார். கழுத்துப்பட்டை கட்டிய மனிதர். சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று ஆசையாகச் சொல்லிவிட்டார். அக்கா அவரைச் சாக்கடை சுத்தம் செய்கிறவருக்கு எதிரே உட்காரவைத்துப் பரிமாறினார். அதிகாரி நெளிந்தார். சாக்கடைக்காரர் அவரைவிட அதிகமாக நெளிந்தார். அக்கா மட்டும் நிம்மதியாகப் பொரியல் வைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல எங்க வீட்டுக்காரரைச் சயாம் ரயில் போடக் கூட்டிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நாள் முழுக்கக் கிழங்கு அவிச்சு நான் தனியாத் தின்னேன். அது சாப்பாடே இல்ல பொண்ணு," என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் வாழ்க்கையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

சவரிமுத்து அண்ணன் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்களில் ஒருவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். துறைமுகக் கிடங்கில் மூட்டை ஏற்றுவார். இந்த ஊரில் அவருக்கு ஒரு சொந்தமும் கிடையாது. கிடங்கில் கிடந்த ஒரு காலித் தேயிலைப் பெட்டியில் தேனீக்கள் கூட்டமாக வந்து குடியேறிவிட்டன. மற்றவர்கள் கொளுத்தப் போனார்கள். இவர் பொழுது சாய்ந்ததும் பெட்டியின்மேல் கோணிச்சாக்கைப் போர்த்தி, ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி, மெஸ்ஸுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"எத்தனை பேரு?" என்று கேட்டார் அக்கா.

"எண்ண முடியாதுக்கா."

"எண்ண முடியலன்னா நான் எப்படி அரிசி போடறது?"

சிரிப்புக்குத்தான் சொன்னார் என்று நினைத்தோம். பெட்டி மெஸ்ஸின் பின்பக்கத் தகரக் கூரையில் ஏறியது. வேலையிலிருந்து வந்ததும் சவரிமுத்து அண்ணன் அங்கே போய்க் குந்திக்கொள்வார். யாரும் கூப்பிடாமல் அவரைத் தேடி வந்த உறவு அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

சில மாதங்களில் அவருக்கு இருமல் பிடித்தது. காசநோய் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "நான் வர்ற வரைக்கும் அதுங்க பட்டினி கிடக்கக் கூடாதுக்கா." அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மெஸ்ல பட்டினியா? நீ போய்ப் படு," என்றார்.

சொன்னபடியே செய்தார். அதுதான் வினையாகிவிட்டது. ஊரார் தேனீயிடம் தேனை எடுப்பார்கள். இவரோ அதற்குச் சாப்பாடு போட்டார். காலையில் ஒரு தட்டு வெல்லத் தண்ணீர், மத்தியானம் ஒரு தட்டு. வெள்ளிக்கிழமையானால் பாயசம். தேனீக்கள் வெளியே போய் அலையவேண்டாம் என்று பெட்டிக்கு வாசலிலேயே வைத்தார். கொஞ்ச நாளில் பெட்டியெல்லாம் பழுப்புத் தீற்றல். வயிறு கெட்டுப்போன தேனீக்கள் கூரைத் தகரத்தில் விழுந்து கிடந்தன. எறும்பு சாரை சாரையாக ஏறியது. அக்கா கூரையில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவர் சமையல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன முதல் சாப்பாட்டுக்காரர்கள் அவர்கள்தான்.

ஆஸ்பத்திரியிலும் நிலைமை சரியில்லை. சவரிமுத்து அண்ணன் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டையும் தொடவில்லை, அக்கா டிஃபன் கேரியரில் கொண்டுபோனதையும் தொடவில்லை. மருந்து நோயைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அக்கா எதிரே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பார்த்தால், வார்டில் வெளியாள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தொற்று நோய்.

"தனியா எப்படிச் சாப்பிடுவான்?" என்று வழியெல்லாம் புலம்பினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மனிதருக்கு நுரையீரல் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்கு எதிர் இலை முக்கியமாகப் போய்விட்டதே என்று நினைத்தேன். ஆனால் உள்ளபடியே சவரிமுத்து அண்ணன் வாய் திறந்து கேட்டது தேனீக்களைப் பற்றி மட்டும்தான். அவை நன்றாக இருக்கின்றனவா, வெளியே போய் வருகின்றனவா? அக்காவுக்குப் பொய் வராது. "வெல்லத் தண்ணி குடுத்து வயித்தைக் கெடுத்துட்டேன்பா. சரி பண்ணிடறேன்," என்றார். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று கேரியர் திறக்கப்படாமலே திரும்பி வந்தது.

தேக்கா சந்தையில் கீரை விற்ற ஒரு மலாய்க்கார அம்மாள்தான் வழி சொன்னார். மலாயில் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். பாசிர் ரிஸ் கடலோரக் கிராமத்தில், கம்பம் என்பார்கள், அவருக்கு வீடு. தன் வீட்டைச் சுற்றித் தேனீ மொய்க்கிறது, கடலோரத்துச் செடியில் எல்லாம் பூ, பெட்டியை அங்கே கொண்டுவந்து வை என்றார். வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே பெட்டியைத் தூக்கியிருப்பார்கள். அக்கா மாட்டார்.

"பந்தில என்ன இருக்குன்னு பாக்காம ஆளை அனுப்பறதா?" என்றார். பெண்ணைக் கொடுக்குமுன் சம்பந்தி வீட்டு அடுக்களையை எட்டிப் பார்க்கிற தாய் மாதிரி, அந்தக் கடற்கரையைப் பார்க்கக் கிளம்பினார். பஸ் பலகை படிக்க நான். படித்துச் சொன்னதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "எனக்குத் தெரியும்" என்று ஏறிவிடுவார், பிறகு பாதி வழியில் இறங்கி இன்னொன்று ஏறுவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் நடந்ததே இல்லை. தென்னந்தோப்பைத் தாண்டினால் மணல். மணலெல்லாம் அடம்பங்கொடி, ஊதாப் பூவும் பச்சை இலையுமாக. அதற்கு இந்தப் பக்கம் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் தொட்டாற்சிணுங்கியும் மண்டிக் கிடக்கும். சதுப்பு தொடங்கும் இடத்தில் கடல்நொச்சிப் புதர்கள். அக்கா ஒவ்வொரு செடிக்கு முன்னும் குனிந்து நின்று, அதில் எந்தத் தேனீ வருகிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது, எதைச் சுருட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தார். ஒரு வாரம் விடிந்ததும் போனோம், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் சாயங்காலம். மூன்று வேளையும் அடுப்பு எரிகிறதா என்று தெரியவேண்டாமா என்பார்.

அவர் கணக்கே தனி. தொட்டாற்சிணுங்கி காலையில் மட்டும்தான். தேன் கிடையாது, வெறும் மகரந்தம். தேனீ காலில் உருண்டை உருட்டி எடுத்துப் போகும். "இது பருப்புப் பொடி," என்றார். வெட்டுக்காயப் பூண்டும் தும்பையும் காலைப் பசியாறல். தென்னம்பாளை அன்றாடச் சோறு, வருடம் முழுக்க உண்டு. கடல்நொச்சி குழம்பு, வெயில் ஏறினாலும் கூட்டம் குறையாது. அடம்பு பெரிய பாத்திரமாக இருக்கிறதே தவிர உச்சிக்குள் மூடிக்கொள்கிறது, அதிலும் பெரிய கருவண்டுகள் முந்திக்கொள்கின்றன என்று அவருக்கு அதன்மேல் வருத்தம்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி என்று இல்லை. கடலோரத்தில் ஒரு பங்களா. அதன் வேலி முழுக்கக் காகிதப்பூ, சிவப்பும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறித்தது. "இதுதான் கல்யாணச் சாப்பாடு. பார்த்துக்கிட்டே இரு, வரும்," என்று சொல்லி என்னை அங்கேயே நிறுத்தினார். நின்றோம், நின்றோம். ஒரு தேனீ எட்டிப் பார்க்கவில்லை. பங்களா நாய்தான் வந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நகர்ந்தார்.

"வாசல்ல பெரிய போர்டு. உள்ள அடுப்பே மூட்டல," என்றார்.

"எனக்குத் தெரியும்னு சொன்னீங்க?"

"வாயை மூடிக்கிட்டு நட."

திரும்பும்போது ஒவ்வொரு செடியிலும் ஒரு சின்னக் கொத்து பறித்து முந்தானையில் முடிந்துகொள்வார். மெஸ்ஸில் இறங்கிக் கேரியரை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. அங்கே சவரிமுத்து அண்ணனின் படுக்கைப் பக்கத்துச் சின்ன மேசையில் அந்தக் கொத்துகளை வரிசையாக வைத்தார், இலையில் பரிமாறுகிற அதே வரிசையில்.

"உன் ஆளுங்களுக்கு வீடு பாத்துட்டேன். காலைல பசியாற இது. மத்தியானத்துக்கு இது. இது தொட்டுக்க. இதுல ஒரு குறை இருந்தா சொல்லு."

அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தும்பையை மூக்கில் வைத்துக்கொண்டார். "எங்க ஊர்லயும் இருக்கு இது," என்றார். அக்கா ஒன்றும் நடக்காததுபோலக் கேரியரைத் திறந்து சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தார். கொஞ்சம் சாப்பிட்டார். கேரியர் முதல்முறையாக இலேசாகித் திரும்பியது. பஸ்ஸில் அக்கா என் தோளில் ஒரு அடி வைத்தார். சந்தோஷம் வந்தால் அவருக்கு அடிக்கத்தான் தெரியும்.

பெட்டியை ஒரு மாலை காய்கறி வேனில் ஏற்றி மக்சிக் வீட்டுத் தென்னைமரங்களுக்கு நடுவில் வைத்தோம். மூன்றே வாரத்தில் கூடு தெளிந்துவிட்டது. வாசலில் போக்குவரத்து நெரிந்தது. பக்கத்தில் நின்றால் உள்ளே பெரிய பந்தி நடக்கிற இரைச்சல் கேட்கும். அக்கா வாரம் தவறாமல் போய், அன்றைக்கு எதில் கூட்டம் என்று பார்த்து, அதை மட்டும் பறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். "இன்னிக்கு உன் ஆளுங்க நொச்சில பசியாறிட்டாங்க. இப்ப நீ." அண்ணன் சாப்பிடுவார். பாதிச் சோறு, முக்கால் சோறு. கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. ஆனால் தானாக ஒருநாளும் கேட்கமாட்டார். செடி வந்தால் சாப்பாடு இறங்கும். நடுவாரம் நான் மட்டும் கேரியரோடு போனால் இரண்டு கவளத்தோடு சரி.

அப்போதே எனக்குப் பயம் உண்டு. ஒரு மனிதரின் உயிரை ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏற்றி வைத்திருக்கிறாரே இந்த அக்கா, நாளைக்கு அந்தப் பெட்டிக்கு ஏதாவது ஆனால்?

ஆகிவிட்டது. அந்த ஞாயிறு நாங்கள் போனபோது பெட்டியில் சத்தம் இல்லை. மக்சிக் வாசலிலேயே நின்றிருந்தார். முந்தைய நாள் உச்சிவெயிலில் எல்லாம் ஒரே மூச்சாகக் கிளம்பி, மேகம் மாதிரித் தென்னைகளுக்கு மேலே சுழன்று, சதுப்புப் பக்கமாகப் போய்விட்டனவாம். கையை விரித்து விரித்துக் காட்டினார். அக்கா பெட்டிக்குள் கைவிட்டு அடையை எடுத்தார். ஒரு செத்த தேனீ இல்லை. எறும்பு இல்லை. தேன் ஒரு சொட்டும் இல்லை. வழித்துத் துடைத்த இலை மாதிரி இருந்தது.

சதுப்பின் ஓரம்வரை நடந்து பார்த்தோம். நொச்சியில் தேனீக்கள் இருந்தன. அவை நம்முடையவையா வேறு கூட்டத்தினுடையவையா என்று யார் சொல்வது? அக்கா ஒன்றும் பறிக்கவில்லை.

பஸ்ஸில் நான் மெல்ல ஆரம்பித்தேன். "அக்கா, இருக்குன்னே சொல்லிடுவோம். செடியை மட்டும் கொண்டு போவோம். அவருக்கு எப்படித் தெரியப் போகுது? உடம்பு தேறினப்புறம் சொல்லிக்கலாம்."

"இலையே போடாம சாப்பாடு ஆச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"அவர் சாப்பாட்டை விட்டுட்டா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தெரியும் என்ற அவருடைய சொல்லை அன்று ஒரு தடவையாவது கேட்டுவிட மாட்டோமா என்று இருந்தது எனக்கு. சிராங்கூன் சாலையில் மெஸ்ஸுக்கு இறங்கவேண்டிய இடம் வந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கி, கையை வீசிக்கொண்டு உள்ளே நடந்தார்.

சவரிமுத்து அண்ணன் முதலில் முந்தானையைத்தான் பார்த்தார். முடிச்சு இல்லை.

"போயிட்டாங்கப்பா," என்றார் அக்கா. உட்காரக்கூட இல்லை. "நேத்து மத்தியானம். அத்தனை பேரும்."

அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எறும்பு ஏறியிருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல."

"செத்துக் கிடந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

"தேன்?"

"சொட்டு விடல. அம்புட்டும் எடுத்துக்கிட்டாங்க."

அண்ணன் மூச்சை இழுத்து விட்டார். முழங்கையை ஊன்றி, மெதுவாக, தானாகவே எழுந்து உட்கார்ந்தார். "அப்ப கட்டுச்சோறு கட்டிக்கிட்டுத்தான் கிளம்பியிருக்கு. தெம்பு இல்லாட்டி அப்படிக் கிளம்ப முடியாதுக்கா. எங்கயாவது ஒரு மரப்பொந்து பாத்துப் பிழைச்சுக்கும்."

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு கோணியது.

"அக்கா," என்றார் அண்ணன். "இன்னிக்கு மீன்குழம்பு வச்சீங்களா?"

அக்கா தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் வெறுங்கை. இத்தனை மாதத்தில் அந்த மனிதர் வாயைத் திறந்து கேட்ட முதல் சாப்பாடு, அன்றைக்கென்று பார்த்துக் கேரியர் மெஸ்ஸில் இருக்கிறது.

"இரு," என்றார். "இரு, இரு, இதோ வந்துட்டேன்." திரும்பி ஓடினார். ஆமாம், ஓடினார். அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வார்டின் நடுவே அவர் ஓடியதை நோயாளிகள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைப் பார்த்து அவர் மலாயில் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். மற்ற கட்டில்களைச் சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள். நான் நகரவில்லை. நர்ஸ், ஒரு சீனப் பெண், என்னிடம் வந்தார். சாப்பாடு வருகிறது, அவரே கேட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நர்ஸ் திரும்பி, தலையணையில் சாயாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சவரிமுத்து அண்ணனைப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய், விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவ ஆரம்பித்தார்.

அக்கா வந்து சேர்ந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. குழம்பு வழிந்து சேலையெல்லாம் மஞ்சள். நர்ஸ் கேரியரை வாங்கிக்கொண்டு, மணி அடித்துவிட்டது, உள்ளே வரக் கூடாது என்று கையால் காட்டினார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு யுத்தம் நடக்கும். அக்கா தலையாட்டிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

சவரிமுத்து அண்ணன் சாப்பிட்டார். மேசையில் செடி இல்லை, எதிரே ஆள் இல்லை. மீனை முள் எடுத்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி, அடுக்கு காலியாகும்வரை தனியாகச் சாப்பிட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க நான் கைக்குட்டையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"சும்மா இரு. சாப்பிடறான்," என்றார்.